பதினான்காம் பக்கம்

1984 தை 9, திங்கள்

சவிரிமுத்து அண்ணையிடம் அம்புக்குறி இல்லையாம்.

ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் பின்னால் அவருடைய அச்சுக்கூடம். கலியாணக் காட், மரண அறிவித்தல், கோயில் திருநாள் நோட்டீஸ், இவ்வளவுதான் இதுவரைக்கும் அங்கே அச்சான இலக்கியம். இரசாயனப் புத்தகம் இதுதான் முதல் தடவை. நான் பெட்டி பெட்டியாகக் கீறி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அம்பு போட்டுக் கொண்டுபோன தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எத்தினை அம்பு வேணும் டீச்சர்?"

"புத்தகம் முழுக்க எண்டால் நூற்றுச் சொச்சம் வரும் அண்ணை."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு கோடு போடுகிற பழைய பித்தளைத் தகட்டை எடுத்து அரத்தால் அராவத் தொடங்கினார். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு அம்பு. பக்கம் பக்கமாகக் கழற்றிக் கழற்றி இதையே போடலாம், கவிழ்த்து வைத்தால் கீழ்நோக்கிய அம்பும் ஆச்சு என்றார். கெட்டிக்காரன்.

பதினொரு வருடம் படிப்பித்த குறிப்புகள் புத்தகமாகப் போகின்றன. 'அணுவின் அமைப்பு – உயர்தர வகுப்புக்கு. செல்வி க. மனோகரி, விஞ்ஞானமாணி.' பெயரை மட்டும் நாலு தரம் வாசித்துப் பார்த்தேன். இந்தத் தீவுகளில் இரசாயனம் படிப்பிக்க என்னைவிட ஆள் இல்லை. வெளியில் சொன்னால் தலைக்கனம் என்பார்கள். கொப்பிக்குள் சொல்லலாம்தானே?

தை 12, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு அச்சுக்கூடத்துக்குப் போய் முதல் தாள்களைத் திருத்தினேன். பதினான்காம் பக்கத்தில் நைதரசனின் கடைசி மட்டத்துக்கு மூன்று பெட்டி, அதாவது மூன்று அறை; மூன்று இலத்திரன். அறைக்கு ஒன்றாக மூன்று அம்பும் மேலே பார்க்க வேண்டும். சவிரிமுத்து அண்ணை நடு அம்பைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்!

"அண்ணை, இது பிழை. மூண்டும் ஒரே பக்கம்."

"ஒண்டு மேல, ஒண்டு கீழ இருந்தால்தான் வடிவு டீச்சர்."

வடிவு பார்க்க இது என்ன கோலமா? இலத்திரனுக்குச் சுழற்சி என்று ஒரு குணம் இருக்கிறது, அதற்கு இரண்டு பக்கம்தான் உண்டு, அதைத்தான் மேல் அம்பு, கீழ் அம்பு என்று காட்டுகிறோம் என்று விளங்கப்படுத்தினேன். லோஞ்ச் கதையையும் சொன்னேன். அதை நானே கண்டுபிடித்தது, எங்கேயும் எடுத்ததில்லை. குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்கு மோட்டார்ப் படகு, அந்த லோஞ்ச், ஏறுகிறவர்கள் வாங்குக்கு ஒருவராக இருந்த பிறகுதான் மற்றவருக்குப் பக்கத்தில் போய் இருப்பார்கள். இலத்திரனும் அப்படித்தான். ஒன்றையொன்று தள்ளுகிற சாமான், ஆகவே தனித்தனி அறையில் இருக்கும், தள்ளுகை குறையும், சக்தி குறையும், அணு சுகமாக இருக்கும்.

அவர் கையில் மையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தனித்தனி வாங்கில இருக்கிறது சரி டீச்சர். ஏன் எல்லாரும் ஒரே பக்கம் பாத்துக்கொண்டு இருக்க வேணும்?"

"அது விதி அண்ணை. ஹுண்டின் விதி" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தை 20, வெள்ளி

புத்தகம் வந்தது! முந்நூறு பிரதி. அட்டை நீலம். அம்மா சாமித்தட்டில் ஒன்றை வைத்துத் திருநீறு பூசிவிட்டா. ஒரு மூலையில் கறை.

எல்லாத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புகிறேன். நயினாதீவுக்கும் ஐந்து பிரதி. அதிபரின் பெயருக்கு. பாலாவின் பெயருக்கு இல்லை.

பாலாம்பிகை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஒரே அறை, ஒரே விளக்கு. அவள் கணிதம், நான் இரசாயனம். படித்து முடித்து அவள் நயினாதீவு அம்மன் கோயில் குருக்கள் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே படிப்பிக்கிறாள். புங்குடுதீவில் எங்கள் வீட்டிலிருந்து குறிகட்டுவான் சயிக்கிளில் பத்து நிமிடம், அங்கிருந்து லோஞ்சில் இருபது நிமிடம். மூன்று வருடமாக நான் அந்த லோஞ்சில் ஏறவில்லை.

எண்பத்தொன்றில் ஆசிரியர் கருத்தரங்கு. நாற்பது பேருக்கு முன்னால் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்வரிசை வாங்கிலிருந்து பாலா எழும்பி வந்தாள். என் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கினாள். என் சமன்பாட்டில் ஒரு குறியை அழித்து மாற்றினாள். திரும்பப் போய் இருந்துவிட்டாள். ஒரு சொல் பேசவில்லை.

அவள் திருத்தியது சரி. அதுதானே என் கோபம்.

தை 27, வெள்ளி

வகுப்பில் சோதனை வைத்தேன். முப்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேர் லோஞ்ச் என்று எழுதியிருக்கிறார்கள். புத்தகம் வேலை செய்கிறது!

மாசி 6, திங்கள்

நயினாதீவிலிருந்து ஒரு போஸ்ற்காட். அந்தக் கையெழுத்தை ஒரு மைலுக்கு அப்பால் இருந்தும் சொல்வேன்.

'மனோகரிக்கு. பக்கம் 14. தள்ளுகை குறைந்ததால் மட்டுமே சக்தி குறைந்தது என்று எழுதியிருக்கிறீர். அப்படியென்றால் இலத்திரனின் வேகம் மாறவில்லை என்றாகும். அது ஏலாது. மொத்தச் சக்தி ஒன்று குறைந்தால், இயக்கச் சக்தி ஒன்று கூட வேண்டும், அழுத்தச் சக்தி, இருக்கிற இடத்தால் வருவது, இரண்டு குறைய வேண்டும். கணக்குப் பாரும். – பாலா.'

சுகமா என்று ஒரு சொல் உண்டா? புத்தகம் நல்லாயிருக்கு என்று? முந்நூறு பிரதி, எண்பது பக்கம், அதிலே இவவுக்குக் கண்ணில் பட்டது ஒரு பந்தி! போஸ்ற்காட்டில் வேறு எழுதியிருக்கிறா. தபால்காரன் வாசிச்சிருப்பான். தபால் கந்தோரே வாசிச்சிருக்கும். இப்ப புங்குடுதீவு முழுக்கத் தெரியும், மனோகரி டீச்சருக்குக் கணக்குத் தெரியாதெண்டு.

உலகத்துப் புத்தகம் எல்லாவற்றிலும் நான் எழுதியதுதான் இருக்கிறது. எல்லாரும் பிழை, இவ ஒருத்தி சரியோ?

மாசி 7

பதில் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை.

மாசி 12, ஞாயிறு

அவள் பிழை என்று காட்டுவதற்காகத்தான் இருந்தேன். அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

காலமை ஒன்பது மணிக்குக் கதிரையில் இருந்தது. அம்மா மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டா. பாலா சொன்ன கணக்கு புதிதல்ல. பூமியைச் சுற்றுகிற செய்மதிக்கும் அதே கணக்குத்தான். கீழே இறங்கிய செய்மதிக்கு மொத்தச் சக்தி குறைவு, ஆனால் அதுதான் வேகமாக ஓடும். கருவைச் சுற்றி இருக்கிற இலத்திரனுக்கும் இதே சட்டம்: சக்தி குறைந்தது என்றால் அது கருவுக்குக் கிட்டப் போயிருக்க வேண்டும், வேகம் கூடியிருக்க வேண்டும்.

என் பதினான்காம் பக்கத்தில் என்ன நடக்கிறது? அறைக்கு ஒன்றாக வைத்து அம்பை ஒரே பக்கம் திருப்புகிறேன். தள்ளுகை குறைகிறது. சக்தி குறைகிறது. இலத்திரன்களோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன! கிட்டவும் போகவில்லை, வேகமும் கூடவில்லை. லோஞ்சில் ஒவ்வொருவரும் தன் தன் வாங்கில் இருந்தபடி.

ஐந்து விதமாகப் போட்டுப் பார்த்தேன். ஐந்து தரமும் கணக்கு உதைக்கிறது.

சவிரிமுத்து அண்ணையின் கேள்வியும் இப்போதுதான் உறைக்கிறது. ஏன் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்? என் லோஞ்சில் அதற்குப் பதிலே இல்லை. விதி என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். மாணவன் ஒருவன் அப்படிச் சொல்லியிருந்தால் எழுப்பி விட்டிருப்பேன்.

சரி. என் காரணம் நிற்காது. அப்படியென்றால் எது காரணம்? அதை அவளும் எழுதவில்லையே!

மாசி 16, வியாழன்

ஆசிரியர் அறையில் மீனலோசனி சொன்னாள், தையல் டீச்சர். அவளுக்குத் தெரியாத செய்தி இல்லை. "உம்மட சிநேகிதி லண்டனுக்குப் போறாவாம், தெரியுமே? குருக்களுக்கு அங்கை ஒரு கோயில்ல வேலை. பங்குனி இருபத்தொண்டு பயணம்."

"தெரியும்" என்றேன். எனக்கு எங்கே தெரியும்?

லண்டனுக்குப் போனவர்கள் யார் திரும்பி வந்தார்கள்? புங்குடுதீவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. இன்னும் ஐந்து கிழமைகூட இல்லை. போகிற நேரத்தில்தானா எனக்குப் போஸ்ற்காட் போட வேண்டும்? அல்லது போகிறபடியால்தான் போட்டாளோ?

மூன்று வருடக் கோபம் வைத்திருக்கிறேன். அவள் பக்கத்துத் தீவில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் வைத்திருந்தது அது. லண்டனில் இருக்கிற ஆளோடு எப்படிக் கோபமாக இருப்பது?

மாசி 25, சனி

யாழ்ப்பாணம் போனேன். நகர நூலகம் எரிந்து மூன்றாவது வருடம். அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தேன்.

அதற்கு முதல் பண்ணைப் பாலத்தில் பஸ்ஸை மறித்து இறக்கிச் சோதித்தார்கள். பையில் என் புத்தகம். சின்ன வயது ஆமிக்காரன் பக்கங்களைத் தட்டினான். பெட்டிகள், பெட்டிகளுக்குள் அம்புகள். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எந்த இடத்தின் வரைபடம் இது என்று கேட்டான். பேராதனைச் சிங்களத்தில் சொன்னேன்: அணு, தம்பி. இலத்திரன். பாடப்புத்தகம். அவன் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, தானும் இரசாயனம் செய்து பெயிலானதாகச் சொல்லிப் புத்தகத்தைத் திருப்பித் தந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் ஏறி இருந்து புத்தகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

நூலகத்தில் பழைய சஞ்சிகைகளின் கட்டு. ஐந்து மணித்தியாலம். கடைசியில் ஒரு அட்டவணை. ஈலியம். ஒரு இலத்திரன் உள்ளே, ஒன்று வெளியே. சுழற்சி எதிரெதிராக இருந்தால் ஒரு கணக்கு, ஒரே பக்கமாக இருந்தால் மற்றது.

தள்ளுகை: எதிரெதிர் 0.250. ஒரே பக்கம் 0.268.

கூட! குறையவில்லை, கூடியிருக்கிறது! திரும்பத் திரும்பப் பார்த்தேன், நிரலை மாற்றி வாசிக்கிறேனோ என்று. இல்லை. ஒரே பக்கம் பார்க்கிற இலத்திரன்கள் ஒன்றையொன்று அதிகமாகவே தள்ளுகின்றன. அப்படியிருந்தும் மொத்தச் சக்தி குறைவு. ஏனென்றால் கருவின் கவர்ச்சி 4.541 இலிருந்து 4.619 ஆகியிருக்கிறது. தள்ளுகை கொஞ்சம் கூடியது, கவர்ச்சி அதைவிட நாலு மடங்கு கூடியது. காபனுக்கும் அப்படியே என்று கீழே குறிப்பு.

என் பந்தியில் பாதி பிழை என்று நினைத்துப் போனேன். அடியோடு பிழை. திசையே பிழை.

பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த மனுசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும், ஆனால் சந்தோசமாக இருந்தது. இப்படி ஒரு விசயம் என் கைக்கு எட்டி எவ்வளவு காலம்! யாருக்கு இதைச் சொல்வது? சொன்னால் விளங்குகிற ஆள் ஒருத்திதான் இருக்கிறாள்.

மாசி 27, திங்கள்

அதிபர் அரியநாயகத்தாரிடம் போய், பதினான்காம் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றினார், அது நல்ல சகுனம் இல்லை.

"புதுசா எழுதினால் சோதனையில புள்ளி வருமோ?"

"வராமலும் போகலாம் சேர். திருத்துறவையிட்டை இருக்கிறது பழைய காரணம்தான்."

"பிறகென்ன? பிள்ளையளைக் குழப்பாதையும். அச்சடிச்சது அச்சடிச்சதுதான். ஆரும் கேட்டவையே?"

ஒருத்தி கேட்டாள், சேர்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே ஒரு புள்ளி என்றால் ஒரு பிள்ளையின் கம்பஸ், பல்கலைக்கழக இடம். எங்கள் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்துகிற தரப்படுத்தல் வேறு. ஆனால் பிழை என்று தெரிந்துகொண்டே நாளை வகுப்பில் நின்று லோஞ்ச் கதையை எந்த வாயால் சொல்வேன்?

இன்னொரு தடங்கலும் இருக்கிறது. கவர்ச்சி கூடுகிறது என்று தெரியும், ஏன் கூடுகிறது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலக்கத்தைப் பாடமாக்கினால் அது விளக்கமா?

பங்குனி 2, வெள்ளி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

லீவு போட்டேன். பத்து மணி லோஞ்ச். எல்லாரும் வாங்குக்கு ஒருவராகத்தான் இருந்தார்கள். எனக்கே கோபம் வந்தது.

நேராக அவள் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. முதலில் அம்மனைக் கும்பிடுவோம் என்று கோயிலுக்குள் போனேன். மத்தியானப் பூசை. வெள்ளிக்கிழமைச் சனம். எனக்கு முன்னால் உயரமான ஒரு மனுசி, தலையில் பந்து மாதிரிக் கொண்டை, அதில் இரண்டு முழம் பூ. மணி அடிக்கிறது, தீபம் காட்டுகிறார்கள், எனக்குத் தெரிவது கொண்டை. அம்மனும் இல்லை, தீபமும் இல்லை. பின்னால் நின்றவர்களுக்கும் அதே கதை. தீபம் தெரியாத ஆளுக்குக் கிட்டப் போக என்ன ஆர்வம்? கையைக் கூப்பிக்கொண்டு நின்ற இடத்தில் நிற்பதுதான்.

பிறகு நான் ஒரு அடி இடப்பக்கம் விலகினேன். எனக்குப் பின்னால் நின்றவ வலப்பக்கம் விலகினா. ஒவ்வொருவராக, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நில்லாமல் விலகி விலகி நின்றோம். இப்போது எல்லாருக்கும் தீபம் தெரிகிறது! தெரிந்ததும் என்ன செய்வோம்? கிட்டப் போவோம். நானும் போனேன், எல்லாரும் போனார்கள். ஒரு நிமிடத்துக்குள் மூலஸ்தானத்துக்கு முன்னால் மூச்சு விட இடமில்லை. முழங்கை நெஞ்சில் இடிக்கிறது. முந்தி நின்றதைவிட நெரிசல். ஆனால் ஒருவரும் பின்னுக்குப் போகவில்லை.

தள்ளுகை கூட. கவர்ச்சி அதைவிடக் கூட.

அம்மாளாச்சி! கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

ஒரே சுழற்சி உள்ள இரண்டு இலத்திரன் ஒரே இடத்தில் நிற்க முடியாது. அது இயற்கையின் சட்டம். ஆகவே அவை ஒன்றின் வழியில் ஒன்று நிற்பதில்லை. எதிர்ச் சுழற்சி என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒன்று மற்றதுக்கு முன்னால் வந்து கருவை மறைக்கும். மறைக்காதபோது ஒவ்வொன்றுக்கும் கரு நன்றாகத் தெரிகிறது. அதனால் கிட்டப் போகின்றன. கிட்டப் போனபடியால் நெரிசல். நெரிசல் காரணமில்லை, விளைவு! புத்தகக்காரர் எல்லாரும் விலகி நின்றதைப் பார்த்தார்கள், பிறகு கிட்டப் போனதைப் பார்க்கவில்லை.

செருப்பைப் போட்டேனோ இல்லையோ, அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

குருக்கள் கோயிலில். வீடு முழுக்கப் பயணப் பெட்டிகள். பாலா குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மெலிந்திருக்கிறாள், முன்னால் நரை.

"பதினாலாம் பக்கம் பிழை" என்றேன். வேறு எந்தச் சொல்லும் வாயில் வரவில்லை.

"தெரியும்" என்றாள்.

"ஓம், உமக்கு எல்லாம் தெரியும்."

"எல்லாம் தெரியாது மனோ. கணக்கு மட்டும்தான் தெரியும். ஏன் அது கிட்டப் போகுதெண்டு நாலு நாள் யோசிச்சனான். பிடிபடேல்லை. அதுதான் உமக்கு எழுதினனான்."

பிழை பிடிக்க அல்ல, கேட்கத்தான் எழுதியிருக்கிறாள். அதைக்கூட ஒரு மனிசி மாதிரிக் கேட்கத் தெரியாது அவளுக்கு!

ஐயர் வீட்டுக் குசினிக்குள் நான் போவதில்லை. பேராதனையில் ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தோம். இங்கே மாமியார் இருக்கிறா. நிலைப்படிக்கு வெளியே பலகை போட்டுத் தந்தாள், தான் உள்ளே இருந்தாள். நடுவில் நிலைப்படியில் என் கொப்பி. ஈலியம் அட்டவணையைக் காட்டினேன். விரலால் கூட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு நிரலும் சரிவந்தது, தலையாட்டினாள். பிறகு தீபத்தைச் சொன்னேன், கொண்டையைச் சொன்னேன், விலகி நின்றதைச் சொன்னேன்.

அவள் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கலியாணம் கட்டி வந்த நாளிலையிருந்து அந்தத் தீபத்தைப் பாக்கிறன். எனக்குத் தெரியேல்லையே."

"நீங்கள் ஐயர் வீட்டார் முன்னுக்கு நிக்கிறனீங்கள். உங்களை ஆர் மறைக்கிறது? பின்னுக்கு நிண்டால்தான் தெரியும்."

சிரித்தாள். பேராதனைச் சிரிப்பு, மூக்கால் வருகிறது. பிறகு சட்டென்று, "அண்டைக்குச் சபையில வைச்சு நான் அப்பிடிச் செய்திருக்கக் கூடாது" என்றாள்.

"செய்தது சரி. மூண்டு வருசம் நான் கதையாமல் விட்டதுதான் பிழை" என்றேன். சொல்லி முடிக்க முதல் அழுதுவிட்டேன். கொப்பியில் இரண்டு சொட்டு. தள்ளுகை நிரலில்.

பிள்ளைகளின் புள்ளிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "ரெண்டையும் எழுதும். புத்தகங்கள் சொல்லுற காரணம் இது, கணிச்சுப் பாத்தால் வாற காரணம் இது எண்டு. பிள்ளையள் மடையர் இல்லை."

கடைசி லோஞ்சில் வந்தேன். மேல்தட்டில் காற்று. பசி. நல்ல பசி.

பங்குனி 6, செவ்வாய்

திருத்தச் சீட்டு எழுதி முடித்தேன், இருபது வரி. அரியநாயகத்தாருக்கு வாசித்துக் காட்டினேன். 'சோதனையில் இதை எழுதினால் போதும், உண்மையில் நடப்பது இது' என்று இரண்டும் இருப்பதைக் கண்டபிறகு கண்ணாடியைத் திரும்பப் போட்டார். தீபம் பகுதியை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "திருவிழாவுக்கு நானும் பின்னுக்குத்தான் நிக்கிறனான்" என்றார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சீட்டின் அடியில்: 'பிழையைக் காட்டியவர் திருமதி பாலாம்பிகை சந்திரமௌலீசன், நயினாதீவு.' பாலா வேண்டாம் என்றாள். புத்தகம் என்னுடையது, நான் போடுவேன் என்றேன்.

சவிரிமுத்து அண்ணை அச்சுக் கோத்துக்கொண்டே வாசித்தார். "அப்ப என்ரை கேள்வி சரியான கேள்விதான்" என்றார். அவருடைய பெயரையும் போட்டிருக்கலாம்.

பங்குனி 17, சனி

கோதுமைமாப் பசை ஒரு பேணி, சீட்டு ஒரு கட்டு. ஒரு கிழமையாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நானே ஒட்டுகிறேன். தபாலில் அனுப்பினால் யார் ஒட்டப்போகிறார்கள்? நேற்று அனலைதீவு. இன்று எழுவைதீவு, அங்கே இரண்டே இரண்டு புத்தகம். இரண்டு புத்தகத்துக்காக வள்ளத்தில் வந்த டீச்சரைப் பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள். சேலையில் பசை, தலையில் உப்பு. இருநூற்றுத் தொண்ணூற்றாறு ஆகிவிட்டது. நாலு பிரதி எங்கே போனதோ தெரியாது. அந்த நாலும் என்னை உறுத்தும்.

பங்குனி 21, புதன்

குறிகட்டுவானில் நின்றேன். குருக்கள், இரண்டு பிள்ளைகள், ஏழு பெட்டி. பாலாவின் கைப்பைக்குள் நீல அட்டை தெரிந்தது.

"கடிதம் போடுவீரோ?" என்றேன்.

"எனக்குக் கடிதம் எழுத வராது மனோ. தெரியும்தானே. சுகம், நலம், மழை பெய்யுது எண்டு எழுத எனக்குக் கை வராது."

"பிழை பிடிக்கவாவது எழுதும்."

பஸ் வெளிக்கிட்டது. கை காட்ட அவளுக்கு மறந்துவிட்டது, பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவோடு தேவையில்லாமல் சண்டை பிடித்தேன்.

ஆவணி 14, செவ்வாய்

உயர்தரச் சோதனை. இரசாயன வினாத்தாளைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். ஹுண்டின் விதி வரவே இல்லை! இவ்வளவு சண்டைக்கும் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி போட்டிருக்கலாம்.

ஐப்பசி 3, புதன்

ஆறு மாதமாயிற்று. லண்டனிலிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரனைக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

கார்த்திகை 19, திங்கள்

போஸ்ற்காட். பாலத்தின் படம். பின்பக்கத்தில் அதே கையெழுத்து.

'மனோகரிக்கு. இங்கே கோயிலுக்கு இருபது பேர் வருவார்கள். ஒருவரை ஒருவர் மறைக்க ஆள் இல்லை, எல்லாருக்கும் தீபம் தெரியும். பூசை முடிந்ததும் தங்கள் தங்கள் காரில் போய்விடுவார்கள். நிற்க. பக்கம் 31. ஒட்சிசனில் சோடி சேராத இலத்திரன் இரண்டு என்று போட்டிருக்கிறீர். மூன்று அல்லவா? கணக்குப் பாரும். – பாலா.'

செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடி 31 ஆம் பக்கத்தைத் திறந்தேன். கடைசி மட்டத்தில் மூன்று அறை, நாலு இலத்திரன். மூன்று அறையிலும் ஒவ்வொன்று, நாலாவது ஏதாவது ஒன்றோடு சேர்ந்துதான் இருக்க வேண்டும். மிச்சம் இரண்டு. இரண்டுதான்! நான் சரி! பாலா பிழை! "அம்மா, பாலா பிழை!" என்று கத்தினேன். அம்மா குசினியிலிருந்து "ஆர் செத்தது?" என்று கேட்டுக்கொண்டு வந்தா.

பேனையைத் திறந்து 'பாலாவுக்கு, நீர் பிழை' என்று எழுதிய பிறகுதான் கை நின்றது.

இது விரல் மடித்து எண்ணுகிற கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். இயக்கச் சக்தியில் உதைக்கிறது என்று ஒரே வாசிப்பில் கண்டவள் நாலில் இரண்டு போனால் மிச்சம் எவ்வளவு என்று தடுமாறுவாளா? பாலா இப்படிப் பிழை விடுபவள் அல்ல.

தெரிந்துதான் விட்டிருக்கிறாள். சுகம், நலம் எழுத அவளுக்குக் கை வராது. நான் வெல்லக்கூடிய ஒரு பிழை போட்டால் மனோகரி அன்றைக்கே பதில் எழுதுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் அந்தப் போஸ்ற்காட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஐந்து பக்கம் எழுதினேன். நீர் பிழை என்று அரைப் பக்கம், மிச்சம் எல்லாம்: அம்மாவின் முழங்கால், அரியநாயகத்தாரின் ஓய்வு, சவிரிமுத்து அண்ணை பித்தளை அம்புகளை இன்னும் தனிப் பேணியில் வைத்திருப்பது, வெள்ளிக்கிழமை லோஞ்சில் நான் இப்போது மேல்தட்டில் போவது. நாலாம் பக்கத்தில் புதிய வகுப்புக்குப் போட்ட ஒரு கணக்கு. அதில் ஒரு கழித்தல் குறியை வேண்டுமென்றே கூட்டலாக்கி விட்டேன்.

அவள் அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. கண்டபிறகு பதில் போடாமல் இருக்க அவளால் ஏலாது.